பஸ் ஏறிய ஆடும் செல்லக்கனியின் கோடை லீவும்

இந்த மூணார் மலையில் என் வீட்டுக்குள் நான் தும்மினால் நாலாவது வீட்டிலிருந்து "நூறு" என்று பதில் வரும். இரண்டாவது தும்மலுக்கு வேறொரு வீட்டிலிருந்து "இருநூறு" வரும். மூன்றாவது தும்மல் போட்டால் யாராவது சுக்குக் காப்பியோடு வாசலில் வந்து நிற்பார்கள். வந்த புதிதில் பயந்தே போனேன். தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வீடுகளுக்கு லயம் என்று பெயர். நீளமாக ஒரே கட்டடம், அதற்கு ஒரே தகரக் கூரை. நடுநடுவே சுவர் வைத்து வீடு வீடாகத் தடுத்திருப்பார்கள். அந்தச் சுவர்கள் ஓர் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே போனதும் அலுத்துப்போய் நின்றுவிடும், கூரையைத் தொடாது. ஒரு வீட்டுக் கருவாட்டு வாசனையும், இன்னொரு வீட்டுச் சண்டையும், மற்றொரு வீட்டுத் தாலாட்டும் மேலே ஏறி எல்லா வீட்டுக்குள்ளும் பொதுவாக இறங்கும். என் வீட்டுக்காரர் தேயிலை ஃபேக்டரியில் மெக்கானிக். நான் தோட்டத்தில் நாலாம் வகுப்பு வரை உள்ள எல்.பி. ஸ்கூலில் தமிழ் டீச்சர். எங்களுக்கென்று சொன்ன குவார்ட்டர்ஸ் இன்னும் கட்டி முடியாததால் லயத்தின் கடைசி வீட்டை ஒழித்துக் கொடுத்தார்கள்.

கீழே நம் ஊர் எலப்புள்ளியில் இருக்கும் உங்களுக்கு இது விளங்குவது கஷ்டம். அங்கே எங்கள் வீட்டுக்கும் பெரியப்பா வீட்டுக்கும் நடுவே ஒரு வயல் கிடக்கிறது. பெரியப்பா வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டுமானால் யாராவது வரப்பில் நடந்து போய் வர வேண்டும். வந்து சேர்வதற்குள் விஷயம் பழசாகிவிடும். ஒரு தடவை எங்கள் அம்மா மலைக்கு வந்து இரண்டு ராத்திரி தங்கிவிட்டு, "ரகசியம் பேச முடியாத ஊடு என்ன ஊடு கண்ணு" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டார். அம்மா சொன்னதிலும் நியாயம் உண்டு. என் வீட்டுக்காரருக்கு என்மேல் கோபம் வந்தால், "ஏம்புள்ள, கொஞ்சம் ரோட்டுக்கு வா" என்று என்னைக் கூட்டிக்கொண்டு போய், தேயிலைச் செடிகளுக்கு நடுவில் நின்றுதான் கோபித்துக்கொள்வார். அவ்வளவு தூரம் நடப்பதற்குள் பாதிக் கோபம் குளிரில் விறைத்துப்போயிருக்கும். என்னைப் போல மலையேறி வந்தவர்களுக்கு இதெல்லாம் பழகிப்போன சங்கதிதான். ஆனால் இந்தத் தொடாத சுவர்களால் ஒரு கோடை லீவில் நான் பட்ட பாட்டைச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் பள்ளியில் மார்ச்சில் பரீட்சை முடியும், ஜூனில் கதவு திறக்கும். அந்த வருஷம் இரண்டாம் வகுப்பில் செல்லக்கனி என்ற பெண் இருந்தாள். எங்கள் லயத்திலேயே நடுவீடு அவளுடையது. எழுத்துகள் எல்லாம் அவளுக்குத் தெரியும். தனித்தனியாகக் கேட்டால் டக்கென்று சொல்வாள். சேர்த்து வாசி என்றால் போச்சு, வாயை மூடிக்கொள்வாள். வகுப்பில் எல்லாரும் சேர்ந்து வாசிக்கும்போது மற்றவர்கள் குரலுக்குப் பின்னால் அரை நொடி தள்ளி உதட்டை அசைத்தே இரண்டு வருஷத்தை ஓட்டியிருக்கிறாள். எங்கள் ஹெட்மாஷ், அதாவது ஹெட்மாஸ்டர், மலையாளி. அவரும் கீழ்நாட்டிலிருந்து குளிருக்கு மஃப்ளர் சுற்றிக்கொண்டு மலையேறியவர்தான். நல்ல மனுஷர், ஆனால் கறார். "இந்தக் குட்டிக்கு வாயிக்கான் அறிஞ்ஞுகூடல்லோ டீச்சரே, ரண்டில் தன்னெ இருத்தாம்" என்றார். வாசிக்கத் தெரியவில்லை, அதனால் மறுபடியும் இரண்டாம் வகுப்பு என்கிறார். நான் கெஞ்சினேன். கடைசியில், ஜூனில் பள்ளி திறந்ததும் தானே ஒரு தடவை வாசிக்கச் சொல்லிப் பார்ப்பதாகவும், வாசித்தால் மூன்றாம் வகுப்புக்கு அனுப்புவதாகவும் இறங்கி வந்தார்.

இதைச் சொல்லலாம் என்று செல்லக்கனியின் அம்மா முத்துலட்சுமியிடம் போனேன். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். "அவ தோத்தா தோத்துட்டுப் போட்டும் டீச்சரம்மா. இந்தப் பயலக் காப்பகத்துல விட்டா மறுநாளே காய்ச்சல் வந்திருது. நான் கொழுந்து எடுக்கப் போகவேண்டாமா? ஒரே வகுப்புல திரும்பத் திரும்ப உக்காருறதுக்கு, அவ வீட்ல இருந்து தம்பியப் பாத்துக்கிடட்டும்" என்றாள். கோபமில்லை, வருத்தமில்லை. துவையலுக்கு உப்பு போதுமா என்று கேட்கிற குரல். அடுப்புக்குப் பக்கத்தில் செல்லக்கனி சிலேட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். ஏழு வயசில் ஒருத்தியின் படிப்பு முடிந்துபோகுமா? முடியும். அந்த லயத்திலேயே அப்படி முடிந்தவர்கள் இருந்தார்கள்.

அதனால்தான் அந்த லீவுக்குக் கதைப் புத்தகம் வாங்குவது என்று முடிவு கட்டினேன். செல்லக்கனிக்கு மட்டுமல்ல, லயத்தில் இருந்த சின்னப் பிள்ளைகள் எல்லாருக்கும்தான். முந்தின வருஷம் இரண்டு மாத லீவில் அவர்கள் பாதி எழுத்துகளைத் தேயிலைக் காட்டில் தொலைத்துவிட்டு வந்திருந்தார்கள். முதலில் பக்கத்து ஊர் வாயனசாலைக்குப் போனேன். நம் பக்கத்தில் படிப்பகம் என்போமே, அதுதான். அதன் செக்ரட்டரியிடம் குழந்தைகளுக்குத் தமிழ்ப் புத்தகம் உண்டா என்று எனக்குத் தெரிந்த மலையாளத்தில் கேட்டேன். "தமிழ் புஸ்தகமோ? உண்டல்லோ!" என்று முகமெல்லாம் சிரிப்பாக உள்ளே போய் ஒரு கட்டைக் கொண்டுவந்து வைத்தார். பிரித்துப் பார்த்தால் அத்தனையும் சினிமாப் பாட்டுப் புத்தகம், அடியில் ஒரு பழைய பஞ்சாங்கம். தமிழர்கள் என்றால் பாட்டும் நல்ல நேரமும் போதும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். பாவம், அவ்வளவு ஆசையாகக் கொடுத்ததை வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை. வாங்கி வந்தேன். என் வீட்டுக்காரர் ஒரு வாரம் ராகம் போட்டுப் பாடினார். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து லயமே கூடப் பாடியது.

பிறகு எலப்புள்ளிக்கு வந்தேன். லீவு முழுக்க இருப்பேன், ஊர்த் திருவிழாவான மாரியம்மன் நோம்பியைப் பார்த்துவிட்டுத்தான் போவேன் என்று அம்மா நினைத்துக்கொண்டிருந்தார். புத்தகம் வாங்கியதும் கிளம்ப வேண்டும் என்றதும் அவர் முகம் சுருங்கியது. "வந்த காலோட போறியா? ஊரே நோம்பிக்கு வருது, நீ ஊரைவுட்டுப் போறியே கண்ணு" என்றார். பையை எடுத்துக்கொண்டு கோயமுத்தூருக்கு பஸ் ஏறினேன்.

அங்கே கடையில் உட்கார்ந்து நான் புத்தகம் பொறுக்கிய அழகைச் சொன்னால் சிரிப்பீர்கள். என்னைப் பொறுத்தவரை வாசிப்பு என்பது தனியாகச் செய்கிற காரியம். சின்ன வயசில் நான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு தென்னந்தோப்பின் கோடிக்குப் போய்விடுவேன். மாடு ஓட்டுகிற சத்தம்கூட அங்கே கேட்காது. யாராவது எட்டிப்பார்த்தால் புத்தகத்தை மூடிவிடுவேன், கதை வழிந்து போய்விடும் என்பதுபோல. அந்த நினைப்பிலேயே ஆளுக்கு ஒரு புத்தகம், ஒன்றைப் போல் இன்னொன்று இல்லாமல் எடுத்தேன். பெரிய எழுத்து, பக்கத்துக்கு ஒரு படம், கீழே மூன்று வரி, முடிவில் ஒரு நீதி. நீதி இல்லாவிட்டால் டீச்சர்களுக்குச் சோறு இறங்காது. ஏர் உழுகிற காளை, கிணற்றுத் தவளை, மாந்தோப்புக் குரங்கு என்று ஒரு பை நிறைந்தது. கடைக்காரர் ஒரு புத்தகத்தைத் தானாக எடுத்து நீட்டி, "இதையும் கொண்டுபோங்கம்மணி. எங்கூட்டுப் பசங்க இதுக்குத்தான் அடிச்சுக்கறாங்க" என்றார். புரட்டினேன். ஓர் ஆடு தெரியாமல் பஸ்ஸில் ஏறிவிடுகிறது. ஒவ்வொரு ஸ்டாப்பிலும் ஒருத்தர் ஏறி அது தன் ஆடு என்கிறார். எழுத்து பொடிசு, படம் குறைவு, நீதி மருந்துக்குக்கூட இல்லை. இது சின்னப் பிள்ளைகளுக்கு ஆகாது என்று மனசுக்குள் தள்ளிவிட்டு, மரியாதைக்கு வாங்கிப் பையின் அடியில் போட்டேன்.

உடுமலைப்பேட்டை வழியாக பஸ் பிடித்து மலைக்கு வந்து சேர்ந்து, பெருமையாகப் புத்தகங்களை விநியோகம் செய்தேன். பெருமை சாயங்காலம் வரைக்கும்கூடத் தாங்கவில்லை. காளைப் படத்தைப் பார்த்த ஒரு பையன், "டீச்சர், இந்த மாட்டுக்கு முதுகுல என்ன வீக்கம்? ஊசி போடலியா?" என்று கேட்டான். எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் உறைத்தது. இந்தப் பிள்ளைகள் பார்த்ததெல்லாம் மாட்டுப்பட்டிப் பண்ணையில் மேய்கிற சீமை மாடுகள். அதுகளுக்குத் திமில் கிடையாது. முதுகு மேஜை மாதிரி இருக்கும். கிணற்றுத் தவளை இன்னும் மோசம். "தண்ணி மேல இருந்துதான வரும்? குழிக்குள்ள எதுக்குப் போச்சு?" என்றாள் இன்னொருத்தி. மலையோடையில் குழாய் வைத்துத் தண்ணீர் பிடிக்கிற ஊரில் அவள் கேட்டது சரியான கேள்வி. எலப்புள்ளியை அப்படியே பை நிறைய அள்ளிக்கொண்டு வந்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது.

சாயங்காலம் விளக்கு வைத்ததும் பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் உரக்க வாசிக்க ஆரம்பித்தார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு மனசுக்குள் வாசிக்கத் தெரியாது, வாய்விட்டுத்தான் வரும். ஒரு வீட்டுக் காளை இன்னொரு வீட்டுக் கிணற்றில் விழுந்தது, தவளை மாமரம் ஏறியது. எனக்கு அடுத்த வீட்டில் சுடலைமுத்து என்று ஒருத்தர், ஃபேக்டரியில் விறகு போடுகிறவர். அவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஏ பிள்ளைகளா! ஒண்ணொண்ணா வாசிங்கட்டி. காளையா தவளையா ஒரு எழவும் வெளங்கல!" என்று கத்தினார். மறுநாளிலிருந்து லயமே முறை வைத்துவிட்டது. ஒரு சாயங்காலத்துக்கு ஒரு வீடு, மற்ற வீடுகளில் எல்லாரும் சோறு தின்றுகொண்டே கேட்பார்கள். நாலாம் வகுப்புப் பேச்சியம்மாள் நன்றாக வாசிப்பாள். அதனால் தடுமாறுகிற பிள்ளைகள் தங்கள் புத்தகத்தை அவளிடம் கொடுத்து ஒரு தடவை வாசிக்கச் சொல்லிவிட்டுத்தான் தங்கள் முறைக்குத் தயாரானார்கள். அவள் வீடு செல்லக்கனி வீட்டுக்கு அடுத்தது.

செல்லக்கனியின் முறை வந்தது. காளைக் கதையைத் தங்குதடையில்லாமல் வாசித்தாள் பாருங்கள், சட்டியும் கையுமாக நான் அப்படியே நின்றுவிட்டேன். மறுநாள் காலையில் அவள் வீட்டு வாசலில் உட்கார்ந்து, எனக்காக இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன். வாசித்தாள். முத்துலட்சுமி அடுப்படியிலிருந்து எட்டிப்பார்த்தாள், முதல் தடவையாக அந்த முகத்தில் ஓர் ஆச்சரியம். நான் ஜூன் மாதத்தையே ஜெயித்துவிட்ட மாதிரி உட்கார்ந்திருந்தேன். அப்போது செல்லக்கனி இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டிவிட்டாள். அவள் கண் முன்னால் இருந்தது காளை சந்தையில் நிற்கிற பக்கம். அவள் வாயிலோ காளை இன்னும் வயலில் உழுதுகொண்டிருந்தது. புரட்டாத பக்கத்தை ஒரு சொல் விடாமல் சொல்லிக்கொண்டே போனாள். பேச்சியம்மாள் வாசித்ததைச் சுவர் வழியாகக் கேட்டு மொத்தமாக மனப்பாடம் செய்திருக்கிறாள்!

வேறு புத்தகம் கொடுத்தேன். அதுவும் மனப்பாடம். இன்னொன்று. அதுவும்தான். என் பை மொத்தமும் அவள் தலைக்குள் இருந்தது. "ஏன் செல்லக்கனி, எழுத்தைப் பாத்து வாசிக்கலாமில்ல?" என்றேன். அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, "கேட்டாலே வந்திருது டீச்சர். பெறகு எதுக்குப் பாக்கணும்?" என்றாள். தென்னந்தோப்பில் எனக்குக் கதை சொல்ல ஆள் இல்லை, அதனால் வாசித்தேன். இவளைச் சுற்றிப் பத்து வீடு கதை சொல்கிறது, இவள் எதற்கு வாசிக்க வேண்டும்?

அன்றைக்கு என் வீட்டுக்காரரை நான்தான் ரோட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நோம்பியையும் விட்டுவிட்டு வந்து இப்படி ஆகிவிட்டதே என்று புலம்பினேன். அவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, "ஏம்புள்ள, லயத்துல ஒருத்தரும் கேக்காத கதை ஒண்ணுகூட உங்கிட்ட இல்லியா?" என்றார். பையின் அடியில் கிடந்த ஆடு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

அதை யாருக்கும் காட்டாமல் செல்லக்கனியிடம் கொடுத்தேன். "இந்தக் கதை இந்த மலையில ஒருத்தருக்கும் தெரியாது. பேச்சிக்கும் தெரியாது. நீ சொன்னாத்தான் உண்டு" என்றேன். பயந்துபோய்ப் புத்தகத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அன்று சாயங்காலம் லயம் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது. நடுவீட்டிலிருந்து ஒரு சின்னக் குரல், "ஒ... ரு... ஆ... டு" என்றது. பிறகு சத்தமே இல்லை. எழுந்து போய்ச் சொல்லிக்கொடுத்துவிடலாமா என்று வாசல்வரை போனேன். என் வீட்டுக்காரர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். கடைசியில் அந்தக் குரல் மறுபடி வந்தது. "ஒரு ஆடு... ப... ஸ்... பஸ்... ஸில்... பஸ்ஸில் ஏ... றி... யது." லயம் கொல்லென்று சிரித்தது. "என்னது, ஆடு பஸ்ல ஏறிருச்சா? அப்புறம்?" என்று எங்கிருந்தோ ஒரு குரல்.

அந்த "அப்புறம்" செய்ததை எந்த டீச்சரும் செய்திருக்க முடியாது. அவள் ஒரு சொல்லில் மாட்டிக்கொள்ளும்போதெல்லாம் பத்து வீடும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும். பேச்சியம்மாள் பொறுக்கமாட்டாமல், "எழுத்தச் சொல்லுட்டி, நான் கூட்டிச் சொல்லுதேன்" என்பாள். செல்லக்கனி ஒவ்வொரு எழுத்தாகச் சொல்வாள். "கண்... டக்... டர்... கண்டக்டரு!" என்று நாலைந்து வீடு சேர்ந்து கத்தும். முறையெல்லாம் மறந்து தினமும் அவளையே வாசிக்க வைத்தார்கள். சில நாள் போனதும் பேச்சி உதவிக்கு வந்தால் செல்லக்கனிக்குக் கோபம் வந்தது. "நீ சும்மாக் கெட, நானே சொல்லுவேன்" என்றாள். ஒரு சாயங்காலம் அவளுக்குத் தூக்கம் சொக்கியது. போதும், படு என்று முத்துலட்சுமி புத்தகத்தைப் பிடுங்கப் போனாள் போலிருக்கிறது. சுடலைமுத்து விட்டாரா? "ஏ முத்துலட்சுமி, அந்த ஆடு எறங்குச்சா இல்லியா, அத மட்டும் சொல்லிட்டுப் படுக்கச் சொல்லு. எனக்குக் காலைல வேலைக்குப் போவணும்லா!" என்று ஒரே சத்தம். ஆடு அன்றைக்கு இறங்கவில்லை. மறுநாள் ஃபேக்டரியில் அதைப் பற்றித்தான் பேச்சு என்று என் வீட்டுக்காரர் வந்து சொன்னார். எலப்புள்ளியில் நோம்பி நடந்த நாளும் அந்த வாரத்தில்தான் வந்துபோனது. நெருப்புச் சட்டியேந்திப் பூவோடு எடுப்பதை நினைத்து ஒரு மூச்சு அழுதேன். பிறகு ஆடு என்ன ஆயிற்று என்று கேட்க உட்கார்ந்துவிட்டேன்.

ஜூன் வந்தது, மழையும் வந்தது. செல்லக்கனி இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டிய கதை லயத்துச் சுவர்களைத் தாண்டி எப்போதோ பள்ளிக்கூடத்துக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. அதனால் ஹெட்மாஷ் உஷாராக இருந்தார். பாடப் புத்தகத்தையும் தொடவில்லை, நான் கொண்டுபோன கதைப் புத்தகங்களையும் தொடவில்லை. அவருக்கோ தமிழ் ஓரெழுத்து வாசிக்க வராது. கொஞ்சம் யோசித்துவிட்டுத் தன் பையைத் திறந்து, மூணார் பஜாரில் வெல்லம் கட்டிக் கொடுத்த காகிதத்தைப் பிரித்தார். ஏதோ தமிழ்ப் பேப்பரின் கிழிந்த பக்கம். "இது வாயிக்கு மோளே" என்று நீட்டினார். வாசல் ஓரத்தில் முத்துலட்சுமி குழந்தையோடு மழைக்குத் தலையில் சாக்குக் கொங்காணி போர்த்திக்கொண்டு நின்றாள். தோற்றால் அப்படியே வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவதற்குத் தயாராக வந்திருந்தாள்.

செல்லக்கனி காகிதத்தில் ஒட்டியிருந்த வெல்லத்தை விரலால் சுரண்டிவிட்டு ஆரம்பித்தாள். "வா... ளை... வாளையா... று. வாளையாறு வட்... டா... ரத்தில் நல்ல மழை. குளங்கள் நி... றைந்... தன. விவசா... யிகள் மகிழ்ச்... சியுடன் நட... வுக்கு..." அங்கே காகிதம் கிழிந்திருந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஹெட்மாஷும் என்னைப் பார்த்தார். "சரியாணோ டீச்சரே?"

நான் சரி என்று சொல்லியிருக்க வேண்டும், வாய் வரவில்லை. எலப்புள்ளிக்குப் பக்கத்திலிருக்கும் வாளையாற்றில் மழை பெய்தால் எங்கள் வயலில் பெய்யாமல் இருக்காது. அப்பா கலப்பையை எடுத்திருப்பார். அம்மா ஓட்டு ஒழுகலுக்கு அண்டாவை வைத்திருப்பார். அந்த மழையைப் பார்க்காமல் நான் இங்கே நிற்கிறேன். நான் பேசாமல் நிற்பதைப் பார்த்த ஹெட்மாஷ் முகம் வாடி, "தெற்றிப்போயோ?" என்றார். தப்பாகிவிட்டதா என்று கேட்கிறார். செல்லக்கனியின் உதடு பிதுங்கியது. முத்துலட்சுமி குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றினாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இல்ல மாஷே, இல்ல! சரியாணு. முழுவனும் சரியாணு!" என்று ஏறக்குறைய கத்தினேன்.

"எங்கில் குட்டி ஜயிச்சு" என்றார் அவர். அப்படியானால் பிள்ளை பாஸ். வெல்லக்கட்டி ஒன்றை உடைத்து அவள் கையில் வைத்தார். முத்துலட்சுமி சிரித்தாளா அழுதாளா என்று தெரியவில்லை, கொங்காணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "மூணாங்கிளாஸ் பெஞ்சு உயரமா இருக்கும், பாத்து உக்காருட்டி" என்று மட்டும் மகளிடம் சொன்னாள்.

காரியம் முடிந்தது. வகுப்புக்குப் போக வேண்டியதுதான். ஆனால் நான் நகரவில்லை. "செல்லக்கனி, இன்னொரு தடவை வாசி" என்றேன். பரீட்சையில் நான் கறார் காட்டுகிறேன் என்று ஹெட்மாஷ் நினைத்துக்கொண்டார். "மதி டீச்சரே, மதி! பாவம் குட்டி" என்று, போதும் போதும் எனக் கையெடுத்துக் கும்பிட்டார். "ஒரே ஒரு தடவை மாஷே" என்றேன். செல்லக்கனி வெல்லத்தைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு காகிதத்தைத் தூக்கிப் பிடித்தாள். இந்த முறை எழுத்துக் கூட்டவேயில்லை. பார்த்துத்தான் வாசித்தாளா, ஒரு தடவை சொன்னது மனப்பாடமாகிவிட்டதா என்று நான் கவனிக்கவும் இல்லை. தகரக் கூரையில் மழை கொட்டு கொட்டென்று கொட்டியதில் முதல் வரி எனக்குக் கேட்கவில்லை. "சத்தமா வாசி சாமி" என்றேன். அவள் கழுத்து நரம்பு புடைக்க, இந்த ஊர் மழைக்கு மேலே குரலை உயர்த்தி, என் ஊர் மழையை எனக்கு வாசித்துக் காட்டினாள்.